காலி செய்யக் கூடாத வீடு

என் நாத்தனாருக்கு எங்கள் வீட்டில் 'அட்டைப்பெட்டி' என்று பெயர். அவள் காதுபட யாரும் சொல்வதில்லை, அவ்வளவு தைரியம் எங்கள் வம்சத்திலேயே கிடையாது. வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களைக் கட்டி, வேனில் ஏற்றி, புது வீட்டில் இறக்கிக் கொடுப்பது அவள் தொழில். என் கல்யாணத்துக்கு வந்த பரிசுகளைக்கூடப் பெரியது அடியில், சின்னது மேலே என்று அடுக்கி, 'உடையும்' என்று எழுதி ஒட்டிவிட்டுத்தான் சாப்பிடப் போனாள்.

கம்பெனியை அவள் தனியாக ஆரம்பிக்கவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே இருந்த தோழி பாதிக் கூட்டாளி. நாத்தனார் வண்டி ஓட்டுவாள், பேரம் பேசுவாள். தோழி சமையலறைச் சாமான்களைக் கட்டுவாள். அவள் காகிதத்தில் சுற்றிய கண்ணாடித் தம்ளர் உடைந்தது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

எந்த வீட்டு வேலையை எடுப்பது என்பதையும் தோழிதான் முடிவு செய்வாள். முதல்நாள் போய் வீட்டைப் பார்ப்பாள். "வண்டியில எதக் கடைசியா ஏத்தணும்?" என்று கேட்பாள். கடைசியில் ஏற்றியதுதான் புது வீட்டில் முதலில் இறங்கும். போகிற ஆசை உள்ளவர்கள் டக்கென்று சொல்லிவிடுவார்கள்: தொட்டில், மீன் தொட்டி, டீ போடுகிற பாத்திரம். பதில் வராத வீட்டில் உட்கார்ந்து மெதுவாகப் பேச்சுக் கொடுப்பாள். ஒருமுறை ஒரு கணவன், மனைவி வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து எல்லாவற்றையும் எடுத்துப்போகச் சொன்னான். "இந்த வீடு நமக்கு வேணாம்டி" என்று எழுந்து வந்துவிட்டாள். நாத்தனார் இரண்டு நாள் முணுமுணுத்தாள், ஆனால் மீறவில்லை.

இரண்டாவது வேன் கடனில் வந்தது. பாதி நாள் அது வாசலில் சும்மா நின்றது. அந்த நேரம் பார்த்து ஒரு கட்டட முதலாளி வந்தார். பழைய அடுக்குமாடிகளை வாங்கி, குடியிருப்பவர்களைக் காலி செய்யவைத்து, இடித்துப் புதிதாகக் கட்டுகிறவர். வாரம் தவறாமல் வேலை தருகிறேன் என்றார்.

"கூப்பிடறது வீட்ல இருக்கறவங்க இல்லையே, அவர்தானே?" என்றாள் தோழி.

"நாம போகலன்னா வேற ஒருத்தன் போவான். அவன் போட்டு உடைப்பான். நாம பத்திரமாவாவது எடுத்து வைப்போம்" என்றாள் நாத்தனார். கேட்கும்போது யாருக்கும் சரியென்றே படுகிற நியாயம். தோழியும் அரைமனதாகக் கூடப் போனாள்.

முதலில் போன வீடுகளில் எல்லோரும் மூட்டை கட்டித் தயாராக இருந்தார்கள். பிறகு ஒரு மூன்றாவது மாடி வீடு. வயதான கணவன், மனைவி. ஒரு கரண்டியைக்கூட அவர்கள் எடுத்து வைக்கவில்லை. அந்த அம்மா அடுப்பில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"காயட்டும், அப்புறம் கட்டலாம்" என்றாள் தோழி.

முதலாளியின் மேனேஜர் அவளைத் தாண்டிப் போய் அடுப்பை அணைத்தார். "ம், கட்டுங்க" என்றார்.

தோழி நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் ஜன்னல் வழியாகக் கீழே நின்ற வேனைப் பார்த்தாள்.

"எரியற வீட்டுல புடுங்கினது லாபம்னு நாமளும் இறங்கிட்டோமாடி?" என்று கேட்டுவிட்டு, தோழி கையிலிருந்த டேப்பை மேடையில் வைத்தாள். படியிறங்கிப் போய்விட்டாள்.

அந்தச் சமையலறையை நாத்தனாரே கட்டினாள். பாலை என்ன செய்வது என்று தெரியாமல் அந்த அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். "நீ குடிச்சிடும்மா, காலையிலேருந்து நிக்கற" என்று பதில் வந்ததாம்.

"கோவத்துல சொல்லியிருந்தா தாங்கியிருப்பேன். நெஜமாவே சொன்னாங்க" என்று என் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஆனால் மறுவாரமும் முதலாளியின் வேலைக்குப் போனாள். அதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

தோழி தன் பங்கைப் பிரித்துக்கொண்டு ஒரு கண்ணாடிக் கடையில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தாள். சண்டை எதுவும் போடவில்லை. போட்டிருந்தால் ஒருநாள் சமாதானமாவது ஆகியிருக்கும். முதலாளிக்குச் சில வருஷத்தில் இன்னும் மலிவாக ஆள் கிடைத்தது, நாத்தனாரைக் கழற்றிவிட்டார். இப்போது அவள் ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போகிறாள், பிடிக்காததை மறுக்கிறாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நாக்கு நுனிவரை வரும், அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொள்வேன். தோழியைத் திரும்பக் கூப்பிடவும் போனாள். தோழி டீ கொடுத்து, பிள்ளைகள் படிப்பு, முட்டிவலி எல்லாம் பேசி அனுப்பினாளாம். கம்பெனிப் பேச்சு வந்ததும் பிஸ்கட் எடுத்துவர உள்ளே போய்விட்டாளாம்.

போன மாதம் நாத்தனாரின் வேனில் நானும் போய்க்கொண்டிருந்தேன். தோழியின் தெருவில் வேறொரு கம்பெனி வண்டி வழியை அடைத்து நின்றது. அவள் வீட்டுச் சாமான்கள்தான் ஏறிக்கொண்டிருந்தன. வீடு மாறுகிறாள் என்பதே எங்களுக்குத் தெரியாது. இரண்டு பேர் ஃபிரிட்ஜைப் படுக்கப்போட்டுத் தூக்கினார்கள். நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. குதித்து ஓடி ஒரு முனையைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"விடுடி" என்றாள் தோழி. குரலில் கோபமே இல்லை. "அதுக்கு ஆள் வச்சிருக்கேன்."

நாத்தனார் கையை எடுத்துக்கொண்டாள். வேனுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். முன்னால் நின்ற வண்டி வழி விட்ட பிறகும் வண்டியை எடுக்கவில்லை.

"என்னக் கூப்பிட்டிருக்கலாம்ல?" என்றாள்.

நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"நானா இருந்தா நானும் கூப்பிட்டிருக்க மாட்டேன்" என்று அவளே சொல்லிவிட்டு, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அழுதாள்.