பூசணத்துக்குத் தலை உண்டா?

சங்கமித்ராவுக்கு நாற்பத்தேழு வயது. சிவாஜிநகரில் பஸ் ஏறி, நின்றபடியே வந்து, காலை ஒன்பதரைக்குக் கணினி முன் உட்காருவாள். இருநூறு வருஷத்துக்கு முன் யாரோ நீர்வண்ணத்தில் வரைந்த செடிகளும் பூச்சிகளும் ஸ்கேனாகி அவளிடம் வரும். தாளில் படிந்த கறை, பூசணப் புள்ளி எல்லாவற்றையும் திரையில் ஒவ்வொன்றாக அழிக்க வேண்டும். அதன் பிறகுதான் படம் புத்தகத்துக்குப் போகும். வரைந்தவர் பெயரும் அதில் இருக்காது, துடைத்தவள் பெயரும் இருக்காது.

“அக்கா கை பட்டா தாள் புதுசு” என்பாள் மேற்பார்வை பார்க்கும் பார்கவி. ஆறு வருஷமாகக் கான்ட்ராக்ட் வேலை. வருகிற சனிக்கிழமையோடு அது முடிகிறது. இப்போது கையிலிருக்கும் படத் தொகுப்பைப் புகார் இல்லாமல் முடித்தால் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் கண்ணெரிச்சலையும் கழுத்துவலியையும் பொறுத்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை மதியம் எருக்கஞ்செடிப் படம் வந்தது. இலைக்கு ஒன்றாக வெள்ளைப் புள்ளி. வழக்கம்போல மூன்றை அழித்தாள். நாலாவது கொஞ்சம் பெரிதாக இருக்கவே, திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள். புள்ளி வெடித்திருந்தது. உள்ளேயிருந்து ஊசிமுனை அளவில் கறுப்பாக ஒரு தலை எட்டிப் பார்த்தது.

பூசணத்துக்குத் தலை உண்டா? அத்தனையும் பூச்சி முட்டை! இந்தத் தொகுப்பு வந்த நாலு மாசமாக எத்தனை படத்தில் துடைத்தாளோ! டிஸ்க்கில் இடம் போதாதென்று மூல ஸ்கேனையும் வெள்ளிக்கிழமைதோறும் அவளே அழித்துவிடுவாள். அசல் தாள்கள் சனிக்கிழமை சொந்தக்காரர் வீட்டுக்குத் திரும்புகின்றன. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், வேலை அவளுக்குத்தான். எழுந்துபோய்ப் பார்கவி முன் நின்றாள்.

“மேடம், தப்பு ஆயிடுச்சு. நான் தொடச்சது பூசணம் இல்ல, முட்டை. எல்லாத்தையும் திரும்ப ஸ்கேன் பண்ணணும்.”

பார்கவி குரலைத் தாழ்த்தினாள். “சும்மா இருந்திருக்கலாமே அக்கா? கடுகு சைஸு. யாரு பாக்கப் போறாங்க?”

“வரைஞ்சவங்க பாத்திருக்காங்களே மேடம்.”

பார்கவி மேலதிகாரிக்கு போன் போட்டாள். தாள்களை இன்னும் ஒரு மாசம் வைத்துக்கொள்ளலாம், சங்கமித்ராவே சரிசெய்து கொடுக்கட்டும் என்றார்கள். அதன் பிறகு அவள் வர வேண்டாமாம்.

அழக்கூடத் தெம்பில்லை. அவ்வளவு அசதி. கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, அலமாரியிலிருந்து முதல் தாளை எடுத்து ஸ்கேனரில் வைத்தாள். அப்புறம் ஒவ்வொரு புள்ளியையும் பெரிதாக்கி, தலை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கைவைத்தாள்.