எனக்கு மட்டும் நின்ற கார்

புதுக் கார் வாங்கிய பதினோராவது நாள், சூளகிரி தாண்டிய ஏற்றத்தில் அது செத்துப்போனது. மீட்டர், பாட்டு, ஏசி, எஞ்சின் எல்லாம் ஒரே நொடியில் அணைந்தன. ஸ்டியரிங் கல்லாகக் கனத்தது. பின் சீட்டில் என் ஏழு வயது மகள். அவளுக்குப் பின்னால் ஒரு கன்டெய்னர் லாரி, ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்தது. இருந்த வேகத்தை வைத்தே எப்படியோ ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டேன். மகள், "அம்மா, கரண்ட் போயிடுச்சா?" என்று கேட்டாள். இரண்டு நிமிஷம் கழித்துச் சாவியைத் திருப்பினேன். ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பியது.

சனிக்கிழமை தோறும் பாரூரில் இருக்கும் என் அப்பா அம்மாவைப் பார்க்க ஓசூரிலிருந்து நானும் மகளும் போவோம். என் கணவருக்குச் சனிக்கிழமையும் ஷிப்ட். அன்று சாயங்காலம் அவரிடம் சொன்னேன். வண்டியை எடுத்துக்கொண்டு ரிங் ரோடு வரை ஒரு சுற்றுப் போய்வந்தார். எதுவும் ஆகவில்லை. "பதட்டத்துல நீ என்னமும் பட்டனை அமுக்கிருப்ப" என்றார். அவர் கோவில்பட்டிப் பக்கம். குரலை உயர்த்தியே பேசமாட்டார். அந்த மெதுவான குரல்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம்.

நான் வேலை பார்ப்பது கார்களுக்குள் ஓடும் ஒயர் கட்டுகளைச் செய்யும் கம்பெனியில். எட்டு வருஷமாகச் சோதனை மேஜையில் நிற்கிறேன். லைசென்ஸ் எடுத்து ஆறு வருஷம் ஆகிறது. என்னிடம் வந்து பட்டன் கதை.

சர்வீஸ் சென்டரில் விட்டேன். லேப்டாப்பை மாட்டிப் பார்த்தார்கள். கஸ்டமர் கண்ணாடி அறைக்குள்தான் உட்கார வேண்டும், அவர்களுடைய டிரைவர்தான் ஓட்டிப் பார்ப்பார், அது ரூல் என்றார்கள். ஒரு கப் டீ கொடுத்து உட்கார வைத்தார்கள். அரை மணி நேரத்தில் வண்டி திரும்பி வந்தது. சூப்பர்வைசர் எனக்கு எதிரிலேயே நின்றுகொண்டு என் கணவருக்குப் போன் போட்டார். வண்டி என் பெயரில், கொடுத்திருந்ததும் என் நம்பர். என் கணவர் நம்பரை எங்கிருந்து தேடி எடுத்தார் என்று தெரியவில்லை. வண்டியில் ஒரு குறையும் இல்லையாம். மேடம் புதிதாக ஓட்டுகிறார்களா என்று மட்டும் கேட்டார்.

அடுத்த வாரம் பாகலூர் ரோட்டில் டவுன் பஸ்ஸுக்கு முன்னால் நின்றது. மறுபடி சர்வீஸ், மறுபடி டீ, மறுபடி ஒரு குறையும் இல்லை. அதற்கடுத்த சனிக்கிழமை காவேரிப்பட்டணத்தில் பாரூர் ரோட்டுக்குத் திரும்பும்போது நின்றது. ஒரு டூவீலர்க்காரர் என் பின் கதவை உரசிக்கொண்டு போய்ச் சாக்கடை ஓரம் விழுந்தார். எழுந்து வந்து, ஓட்டத் தெரியாதவளெல்லாம் ஏன் எடுத்துக்கொண்டு வருகிறாய் என்று திட்டினார். மகள் கேவிக் கேவி அழுதாள்.

அன்றைக்கு வீட்டில் என் கணவர் சொன்னார். "சரியாகுற வரைக்கும் நீ எடுக்க வேண்டாம். கம்பெனி பஸ்ல போ. சாவி என்கிட்ட இருக்கட்டும்."

எது சரியாகும் வரைக்கும்? வண்டியா, நானா? அதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் அவர் என்ன சொல்வார் என்று தெரியும். ஒரு வாரம் அவர் வேலைக்கு அதில் போய்வந்தார். ஒரு தரம்கூட நிற்கவில்லை. தினமும் வந்து, இன்றைக்கும் ஓடியது என்று சொல்வார். சந்தோஷமாகத்தான் சொன்னார், பாவம். எனக்கு வயிறு எரிந்தது. மகள்கூட, "அப்பா ஓட்டுனா நிக்காது" என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் குடியிருப்புக்குத் தண்ணீர் லாரி வந்தது. காரை நகர்த்தினால்தான் லாரி உள்ளே வரும். அவர் குளித்துக்கொண்டிருந்தார். நான் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தேன். கால் எட்டவில்லை. அவர் ஆறடிக்குக் கொஞ்சம் கம்மி, நான் நாலடி பத்து அங்குலம். சலித்துக்கொண்டே சீட்டை முன்னால் இழுத்தேன். மீட்டர் ஒரு கணம் அணைந்து எரிந்தது.

சீட்டைப் பின்னால் தள்ளினேன். மறுபடி முன்னால் இழுத்தேன். மறுபடி அணைந்து எரிந்தது.

சர்வீஸ் டிரைவர், என் கணவர், இந்த வண்டியில் ஏறிய ஒவ்வொரு ஆளும் முதலில் செய்த வேலை என் சீட்டைப் பின்னால் தள்ளியதுதான். நான் எப்படி உட்கார்கிறேனோ அப்படி வைத்து ஒருத்தரும் ஓட்டிப் பார்க்கவில்லை.

தண்ணீர் லாரிக்காரர் ஹாரன் அடித்தார். அடித்துக்கொள்ளட்டும் என்று சீட்டுக்கு அடியில் கையை விட்டேன். வண்டி எடுத்த அன்று ஷோரூமில் இலவசமாக விரித்துக் கொடுத்த தடி மேட். அதை விரித்தவர் அடியில் ஓடும் ஒயர் கட்டைக் கழற்றி, மேட்டுக்கு மேலே போட்டு மறுபடி மாட்டியிருந்தார். சீட் முன்னால் வந்தபோதெல்லாம் அந்த ஒயர் கட்டையும் சேர்த்து இழுத்தது. விரலால் தடவிக்கொண்டே போனேன். எர்த் ஒயரின் கனெக்டர் பாதிதான் உள்ளே போயிருந்தது. அது விட்டுப்போனால் வண்டியில் எல்லாமே அணைந்துவிடும். எங்கள் கம்பெனியில் வேலைக்கு வரும் பெண்ணுக்கு முதல் நாள் சொல்லித்தருவது இதைத்தான். தள்ளு, க்ளிக் சத்தம் கேள், திருப்பி இழுத்துப் பார். இந்த ஆள் தள்ளியதோடு போய்விட்டார்.

கட்டைவிரலால் ஓர் அமுக்கு. அவ்வளவுதான் வேலை. நான் அமுக்கவில்லை. அமுக்கியிருந்தால் வண்டி சரியாகியிருக்கும், நான்தான் எதையோ அழுத்தினேன் என்ற பேச்சு அப்படியே இருந்திருக்கும்.

மறுநாள் லீவு போட்டேன். மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு என் கணவரையும் கூட்டிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அதுவரை அவரே ஓட்டி வந்தார். வாசலில் இடம் மாறி உட்கார்ந்து, சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டு, சூப்பர்வைசர் பக்கத்தில் ஏறினால்தான் வண்டி நகரும் என்றேன். ரூல் இல்லை மேடம் என்றார். சர்வீஸுக்கு வண்டிகள் ஏறும் ரேம்ப்பை அடைத்துக்கொண்டு நிறுத்தினேன். எனக்குப் பின்னால் நான்கு வண்டிகள் சேர்ந்தன. ஏறினார். என் கணவர் பின்னால் உட்கார்ந்தார்.

சிப்காட் ரோட்டில் முதல் வேகத்தடை, ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதிலும் ஒன்றும் ஆகவில்லை. சூப்பர்வைசர் கண்ணாடி வழியாக என் கணவரைப் பார்த்துச் சிரித்தார். மூன்றாவதில் எல்லாம் அணைந்தது. பின்னால் டிப்பர் லாரி அலறியது. சூப்பர்வைசர் இரண்டு கையையும் டேஷ்போர்டில் ஊன்றிக்கொண்டார். பின்னால் என் கணவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஓரம் கட்டிவிட்டுக் கேட்டேன்.

"இப்ப நான் எந்தப் பட்டன அமுக்குனேன்? சொல்லுங்க."

சீட்டுக்கு அடியில் கையை விட்டு அந்தக் கனெக்டரைக் காட்டினேன்.

மெக்கானிக்குக்கு அரை மணி நேர வேலைதான். மேட்டை எடுத்துவிட்டு, கனெக்டரைப் பூட்டி, ஒயரை அதன் இடத்தில் கட்டினார். அப்புறம் சூப்பர்வைசர், என்ன குறை, என்ன வேலை என்று குறிக்கும் ஜாப் கார்டை எழுதிக்கொண்டு வந்தார். காரணம் என்ற இடத்தில், டிரைவர் சீட்டை அளவுக்கு மீறி முன்னால் இழுத்தது என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. கார்டையும் பேனாவையும் என் கணவரிடம் நீட்டி, "மேடத்தக் கொஞ்சம் பின்னால தள்ளி ஒக்காந்து ஓட்டச் சொல்லுங்க சார்" என்றார். என் கணவர் பழக்கதோஷத்தில் பேனாவை வாங்கிவிட்டார்.

அதை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். யாருடைய அளவு என்று சூப்பர்வைசரைக் கேட்டேன். பின்னால் தள்ளி உட்கார்ந்தால் பிரேக்கை நீங்கள் வந்து மிதிப்பீர்களா என்று கேட்டேன். அந்த வரியை அடித்துவிட்டுத் தமிழில் எழுதினேன். மேட் விரித்தவர் கனெக்டரைப் பூட்டவில்லை. ஓட்டியவர் மூன்று முறை சொன்னார். யாரும் நம்பவில்லை. கீழே என் கையெழுத்தைப் போட்டுவிட்டு, கார்டை என் கணவரிடம் தள்ளினேன். இப்போது போடுங்கள் என்றேன்.

அவர் ரொம்ப நேரம் அதைப் படித்தார். கடைசி வரிக்குப் பக்கத்தில், நானும் நம்பவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தச் சூப்பர்வைசருக்கு முன்னால் வந்ததே என்று அதற்கும் கோபம் வந்தது.