ரீச்சர் கழுவிய ஆறு போர்டுகள்

நெடுந்தீவில் கணினி படிப்பிக்கும் நிமலினி ரீச்சர் ஒன்றைப் பிடித்தால் லேசில் விடுகிற ஆளில்லை. இரண்டு வருடம் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டு, கண்டவர்களையெல்லாம் அரித்தெடுத்து, கடைசியில் ஆறு மைக்ரோகொன்ட்ரோலர் போர்டுகளை வாங்கியே விட்டார். உள்ளங்கைக்குள் அடங்கும் மின்பலகைகள்தான். கணினியில் எழுதிய கட்டளையை அதில் ஏற்றினால், சக்கரம் பூட்டிய பெட்டி தானாக ஓடும், தடையைக் கண்டால் திரும்பும். யாழ்ப்பாணத்தில் நடக்கும் ரோபோப் போட்டிக்குப் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகள் நாலு பேர் அந்தப் பெட்டியைச் செய்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து அதற்கு முன் ஒருவரும் போனதில்லை.

சோளகக் காற்று கடலைக் கிளப்புகிற நாளில்தானா போர்டுகளை எடுத்துவர வேண்டும்? குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து வரும்போது அலை படகுக்குள் ஏறிப் போர்டுகள் இருந்த பையை ஊறப்போட்டுவிட்டது. நிமலினி பதறவில்லை. கடல் நீர் பட்டால் உடனே நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகுதான் மின்சாரம் கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். வீட்டுக் கிணற்றில் தண்ணீர் அள்ளி, ஒரு வாய் குடித்தும் பார்த்தார். உப்பில்லை. புது பிரஷ் ஒன்றால் ஒவ்வொன்றாகக் கழுவி மூன்று நாள் நிழலில் காயவைத்தார்.

நாலாம் நாள் ஒன்றிலும் விளக்கு எரியவில்லை. போர்டுகளின் கம்பிக் கால்களில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது.

யாழ்ப்பாணத்தில் இவற்றைத் திருத்தும் பிரதாபன் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினான்.

"உப்புத் தண்ணியில கழுவிப்போட்டியள், அக்கா."

"என்ன கதை இது? குடிச்சுப் பார்த்துத்தான் கழுவினனான்."

"எந்த ஊர்?"

"நெடுந்தீவு."

அவன் தன் தண்ணீர்ப் போத்தலை அவர் பக்கம் தள்ளினான். நிமலினி குடித்தார். சப்பென்று இருந்தது. பிறந்ததிலிருந்து தீவுத் தண்ணீர் குடித்த நாக்கு, அதற்கு உப்பு எங்கே தெரியப்போகிறது! கொழும்பிலிருந்து வேறு போர்டு வர ஒரு கிழமையாகும். போட்டிக்கு இரண்டே நாள்தான் இருந்தது.

அடுத்த நாள் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொன்னார்.

"பிழை என்னிலதான். எங்கட கிணத்துத் தண்ணியில உப்பிருக்கு. எனக்கு அது தெரியேல்லை."

கட்டளை முழுவதையும் எழுதிய மேனுகா எழுந்து பள்ளிக்கூடக் கிணற்றடிக்குப் போனாள். அள்ளிக் குடித்தாள். நம்பாமல் மறுபடி குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"இல்லை ரீச்சர், உப்பில்லையே."

அதுவரை அழாத நிமலினி அப்போதுதான் அழுதார்.