ஆறு கோப்பிக்கும் ஆடாத வெளிச்சம்

கோப்பி மெஷின்களைப் பற்றி எனக்கு ஒன்பது வயதிலேயே திட்டமான அபிப்பிராயம் இருந்தது. அவற்றில் போட்ட கோப்பியை நான் குடித்ததில்லை என்பது வேறு விஷயம். பூனாகலைப் பக்கத்து மலைச்சரிவில், தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கிற மூன்றாம் நம்பர் லயத்தில், தொட்டியில் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற மெஷின் மேலா, ஓடுகிற தண்ணீரை ஓட ஓடவே சுட வைக்கிற மெஷின் மேலா என்று சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து வாதாடிய வீடு எங்கள் வீடு ஒன்றுதான். இன்றைக்குக் கடைகளில் கழுத்துப்பட்டி கட்டிய பிள்ளைகள் கையேட்டைப் பார்த்து ஒப்பிப்பதை எங்கள் வீட்டில் காதாலும் கையாலும் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பங்களாவில் இருந்த அப்படி ஒரு மெஷினின் ஒரு முனையில் என் அத்தை இருந்தாள். மறு முனையில் என் அப்பா இருந்தார்.

அப்பாவுக்குத் தோட்டத்து டர்பைன் அறையில் வேலை. மலை மடிப்பில் விழுகிற ஓடையை ஓர் இரும்புக் குழாயில் அடைத்துக் கீழே இறக்கி, அந்த வேகத்தில் ஒரு சக்கரத்தைச் சுற்றவிட்டு எடுக்கிற கரண்டு. அது ஸ்டோருக்குப் போகும். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். துரையின் பங்களாவுக்கும், உத்தியோகம் பார்க்கிற ஐயாமார் வீடுகளுக்கும் போகும். லயங்களுக்குக் கம்பி இழுக்கவில்லை. அதை ஒரு குறை என்று அப்போது யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கரண்டு என்பது எங்கள் அப்பா செய்து மேலே அனுப்புகிற பொருள், தேயிலைக் கொழுந்து மாதிரி; பறித்தவர்கள் வீட்டில் அது தங்குவதில்லை.

அத்தை அப்பாவின் தங்கை. பங்களா குசினியில் சமையலுக்கு இருந்தாள். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. தோட்டத்தை நடத்துகிற துரையின் மனைவி துரைசாணி; அவருடைய தம்பி கப்பலில் வேலை செய்கிறவர். அவர்தான் அந்த மெஷினைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். ரொட்டிப் பெட்டி அளவு இருக்கும். "பிடித்தால் வைத்துக்கொள், பிடிக்காவிட்டால் அடுத்த தடவை தொட்டி வைத்த மெஷினைத் தருகிறேன்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனாராம். துரைசாணி கையேட்டை ஒரு தடவை வாசித்துத் தமிழில் சொன்னார். அதற்குப் பிறகு அத்தைக்குக் கையேடு தேவைப்படவில்லை.

"தொட்டியே கெடையாதுண்ணே" என்றாள் முதல் நாள் மாலை, செருப்பைக்கூடக் கழற்றாமல். "தெர்மாபிளாக்குனு பேரு. உள்ளுக்கு ஒரு கட்டி. கட்டிக்குள்ள நெளிநெளியா ஒரு வழி. பச்சத் தண்ணி இந்தப் பக்கம் பூந்து அந்தப் பக்கம் வர்றதுக்குள்ள கொதிச்சிருது."

"எம்புட்டு நேரத்துல?"

"நாலு கப்பக் கழுவித் தொடைக்கிற நேரந்தான்."

அப்பா உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார். "அதான பாத்தேன். பின்னேரம் யாரோ கழுத்தப் புடிச்சு இழுத்த மாதிரி டர்பைன் மொனகுச்சு. நீதானா?"

"நானில்லண்ணே. கட்டி."

"குடிக்காத கோப்பிக்கு அண்ணனும் தங்கச்சியும் அடிச்சுக்குங்க. இங்க தேத்தண்ணி ஆறுது" என்றாள் அம்மா.

அடித்துக்கொள்ளத்தான் செய்தார்கள், மூன்று மாதம். அத்தைக்கு அந்த மெஷின் மேல் பாசம். ஆனால் பாசம் அவள் கண்ணை மறைக்கவில்லை. காத்திருக்க வேண்டியதில்லை என்பாள். இரண்டு கப்புக்காக ஒரு தொட்டித் தண்ணீரைக் காய்ச்சி வீணாக்க வேண்டியதில்லை. வெடிக்குமோ என்ற பயமும் இல்லை. உடனேயே மறுபக்கத்தையும் எடுப்பாள். முதல் கப் எப்போதும் கொஞ்சம் ஆறித்தான் வரும், ஆகையால் வெறுந்தண்ணியை ஒரு தடவை ஓடவிட்டுக் கட்டிக்கும் கப்புக்கும் சூட்டைப் பழக்க வேண்டும். கோப்பி இறங்கியதும் உடனே ஆவி கேட்டால் தராது, மூச்சு வாங்கும். இரண்டு கப் பாலை நுரைக்க வைத்ததும் களைத்துவிடும். "ரெண்டு பேரு வந்தா ராசாத்தி, பத்துப் பேரு வந்தா நோயாளி" என்பாள். ஊற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு இருந்ததால் அந்த நெளிவழியில் பொருக்குப் பிடிக்கும் என்று அவளாகவே யூகித்து, வாரத்துக்கு ஒரு முறை தேசிக்காய்த் தண்ணீர் விட்டுக் கழுவினாள்.

அப்பாவின் முறைப்பாடு வேறு. தொட்டி மெஷின் என்றால் ஒரு தடவை இழுக்கும், பிறகு மெதுவாகப் பிடித்து நிற்கும். இதுவோ ஒவ்வொரு கப்புக்கும் கட்டி ஆற, ஒவ்வொரு தடவையும் மெஷினில் சிவப்பு விளக்கு எரிய, ஒரே மடக்காக இழுத்தது. சூடேறியதும் சட்டென்று கையை விட்டது. இழுக்கும்போது டர்பைன் தளர்ந்து மலையில் உள்ள பல்பெல்லாம் மங்கும். விடும்போது வெறிபிடித்து ஓடும். இரண்டுக்கும் அப்பா தண்ணீரைக் கூட்டிக் குறைக்கிற வால்வுச் சக்கரத்தைக் கையால் திருப்பித் திருப்பி ஈடுகொடுக்க வேண்டும்.

அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. பங்களாக் குசினியின் ஜன்னல் டர்பைன் அறை வாசலிலிருந்து பார்த்தால் தெரியும். அத்தை சுவிட்சைப் போடும் முன் ஒரு வெள்ளைத் துணியை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிடுவாள். அப்பாவின் கை சக்கரத்துக்குப் போகும். கோப்பி முடிந்ததும் துணி உள்ளே போகும். துரைக்கும் தெரியாது, துரைசாணிக்கும் தெரியாது. மூன்று மாதம் ஒரு பல்பும் ஆடவில்லை. ஆடாததை யார் கவனிக்கப்போகிறார்கள்?

பிறகு கொழும்பிலிருந்து கம்பெனிப் பெரியவர்கள் வந்த அந்தப் பின்னேரம். மேகம் விலகி, மொனராகலைப் பக்கத்துச் சமவெளி கண்ணாடி போலத் தெரிந்த நாள். அத்தை வெளி விறாந்தையில் கேக் பரிமாறிக்கொண்டிருந்தாள். மெஷின் அவ்வளவு சுலபம், அவ்வளவு துரிதம் என்பதாலேயே துரைசாணி விருந்தாளிகளுக்குத் தன் கையாலேயே கோப்பி போட்டார், ஒன்றன் பின் ஒன்றாக இருபது கப். துணி மடித்தபடி மேசையில் கிடந்தது. கீழே டர்பைன் தளர்ந்தது, ஓடியது, தளர்ந்தது, ஓடியது. அப்பா முன்னறிவிப்பு இல்லாமல் சக்கரத்தோடு மல்லுக்கட்டினார். ஸ்டோரில் கொழுந்து வாட்டும் காற்றாடியின் பெல்ட் கழன்று விழுந்தது. அதை மாட்டுவதற்குள் மாடியில் பரப்பியிருந்த கொழுந்து சூடேறிச் சிவந்துவிட்டது. முந்நூறு பெண்களின் ஒரு நாள் விரல்கள்.

அப்பா தூங்கிவிட்டார் என்றார் ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா. "மெஷின் இழுத்துச்சுங்க" என்றார் அப்பா. "ரொட்டிப் பெட்டி அளவு சாமான் ஒரு ஸ்டோரையே நிப்பாட்டுமா?" என்றார் துரை. ஆனாலும் நியாயம் பார்க்கிறவர். சனிக்கிழமை பின்னேரம் தானே குசினிக்கு வருவதாகவும், மெஷினைப் போட்டுக் காட்ட வேண்டும் என்றும் சொன்னார். வெளிச்சம் மங்கினால் மெஷின்மேல் குற்றம், அது திரும்பிப் போகும். மங்காவிட்டால் அப்பா டர்பைன் அறையை விட்டுப் போக வேண்டும்.

இதெல்லாம் பெரியவர்கள் எனக்கு இப்படிப் பிரித்துச் சொன்னதல்ல. என் காதுக்கு வந்து சேர்ந்தது ஒன்றுதான்: சனிக்கிழமை எங்கள் அப்பாவின் லைட்டு ஆடுகிறதா என்று துரையே வந்து பார்க்கப் போகிறார். அது எவ்வளவு பெரிய கௌரவம்! நான் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டு போனேன்.

குசினிப் பின்படியில் உட்கார்ந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்தேன். மலையை மேகம் மூடியிருந்ததால் பகலிலேயே பல்பு எரிந்தது. துரை நின்றார், துரைசாணி கதிரையில் இருந்தார், டீமேக்கர் ஐயா கையைப் பின்னால் கட்டியிருந்தார். அவர்கள் முன்னால் அத்தை பேசிய அந்தப் பேச்சை நினைத்தால் இன்றும் என் முதுகு நிமிர்ந்துவிடும்.

"நல்லத மொதல்ல சொல்லிர்றேங்க, தொரை. இத மாதிரி சுறுசுறுப்பு எந்தக் கேத்தல்லயும் இல்லீங்க. கேட்ட தண்ணிய மட்டுந்தான் சுடவைக்கும். மிச்சம் வைக்காது, வீணாக்காது."

துரைசாணி தலையை ஆட்டினார்.

"கொறையும் இருக்குங்க. மொத கப்பு ஆறித்தான் வரும். ஆவிக்கு மூச்சுப் பத்தாது. அதெல்லாம் நான் சமாளிச்சுக்குவேங்க. ஆனா இதுக்குப் பசி வந்தா ஒரே வாயில முழுங்குங்க. சேத்து வச்சுக்க உள்ள எடமில்ல. அந்தப் பசிக்கு வேற யாரோதாங்க குடுக்கணும். இப்ப லைட்டப் பாருங்க."

அப்போதுதான் நான் கவனித்தேன். ஜன்னல் வெறுமையாக இருந்தது. துணி அடுப்பு மேடையில் மடித்தபடி இருந்தது. இவ்வளவு பெரிய ஆட்கள் முன்னால் பேசுகிற பதற்றத்தில் அத்தை மறந்துவிட்டாள்! அப்பாவுக்கு எப்படித் தெரியும்? உள்ளியைப் போட்டுவிட்டு, குனிந்து நுழைந்து, துணியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். ஜன்னலுக்குக் கீழே நின்று இரண்டு கையாலும் தலைக்கு மேல் விரித்துப் பிடித்தேன். மேகம் கொஞ்சம் கிழிந்தது. கீழே வாசலில் காக்கிச் சட்டை ஒன்று அசைந்து உள்ளே போனது.

துணியை ஜன்னல் கொக்கியில் மாட்டிவிட்டு ஓடிவந்து பார்த்தேன். எல்லோருடைய முகமும் மேல்நோக்கி இருந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. மெஷின் உறுமியது. பல்பு சுவரில் வரைந்த படம் போல நின்றது. ஒரு கப். சிவப்பு அணைந்தது, பல்பு அசையவில்லை. இரண்டு. மூன்று. அத்தை திரும்பி ஜன்னலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். ஆறு கப். எங்கோ கீழே, மேகத்துக்கு அடியில், ஒரு மனிதர் பசிக்குப் பசி அளந்து போட்டுக்கொண்டிருந்தார். ஒரு மயிரிழை கூடவில்லை, குறையவில்லை. அப்படி ஒரு கையை நான் பிறகு எந்தக் கச்சேரியிலும் பார்த்ததில்லை.

டீமேக்கர் ஐயா ஆறு கப்பையும் வரிசையாக வைத்து ஆறவிட்டு, தேயிலை ருசி பார்ப்பது போலச் சர்ரென்று உறிஞ்சிக் கழுவும் தொட்டியில் துப்பினார். "கசப்பு" என்றார். "தேத்தண்ணியாப் பாத்தா ஒதவாது." யாரும் சிரிக்கவில்லை.

"பாத்தியா?" என்றார் துரை அத்தையிடம். "ஆள் முழிச்சிருந்தா ஆடாது."

"தொரை, அன்னிக்கு அந்தத் துணிய..." என்று அத்தை தொடங்கினாள். அன்றைக்குக் கோப்பி போட்டது துரைசாணி. அவர் அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை கப்புகளைக் கழுவத் தொடங்கினாள்.

திங்கட்கிழமையிலிருந்து அப்பாவைத் தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்து மலைக்குப் பெயர் மாற்றினார்கள். டர்பைனுக்கு வேறு ஆள் வந்தார். அவர் வந்த பிறகு பங்களாவில் கோப்பி போடுவது மலை முழுக்கத் தெரிந்தது. ஐயாமார் வீட்டு ஜன்னல்களெல்லாம் கண் சிமிட்டும், நாங்கள் லயத்து வாசலில் நின்று கைதட்டுவோம். துரைசாணியின் தம்பி அடுத்த தடவை வந்தபோது அந்த மெஷினை எடுத்துக்கொண்டு தொட்டி வைத்ததைத் தந்துவிட்டுப் போனார். அப்பாவை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.

அந்தச் சனிக்கிழமை எனக்கு இதில் எதுவும் தெரியாது. புல்லில் சறுக்கிக்கொண்டு டர்பைன் அறைக்கு ஓடினேன். "ஆறு கோப்பிப்பா! ஆடவே இல்ல! தொரையே பாத்தாரு!" அப்பா சக்கரத்திலிருந்து கையை எடுக்காமல் கேட்டார்: "ஆறுமா? நாலாவதுல லேசா விட்டுட்டேனோன்னு நெனச்சேன்." "இல்லப்பா!" அவர் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது. வேலை முடிந்து வீடு வரும் வழியெல்லாம், தண்ணீர்ப் பீலியடியில், கோயிலடியில், எதிரே வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். எங்கப்பா லைட்ட ஆடாமப் புடிச்சாரு.

அத்தை பொழுது சாயும்போது வந்தாள். பாராட்டுக்காக வாசலிலேயே நின்றேன். அவள் என்னைத் தாண்டிப் போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "வேணும்னேதாண்ணே துணியப் போடாம வச்சிருந்தேன்" என்றாள். மறந்துபோனதை மறைக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். "சொல்லியிருந்தா மட்டும் நீ சும்மா இருந்திருப்பியாக்கும்."

"தெரியல" என்றார் அப்பா. "துணி தெரிஞ்சுச்சு. கை போயிருச்சு."

அம்மா அடுப்பை ஊதுவதை நிறுத்தியிருந்தாள். அத்தை என் பக்கம் திரும்பினாள். அதற்குள் அப்பா என்னை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "புள்ளைய ஒண்ணும் சொல்லாத. ஆடாமத்தான நின்னுச்சு" என்றார்.

இரண்டாவதாகச் சொன்னதை நான் பரிசு போல வாங்கிக்கொண்டேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் முழுக்க அதைச் சொல்லித் திரிந்தேன். அதற்கு முன்னால் அவர் ஏன் அந்த முதல் வார்த்தையைச் சொன்னார், இவ்வளவு நல்ல காரியம் செய்த பிள்ளையை யார்தான் என்ன சொல்லிவிடப் போகிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.