ஓமலூரிலிருந்து வந்த சேலை

வெண்ணந்தூரில் இறங்கி வசந்தாமணி வீடு எது என்று கேட்டால் முழிப்பார்கள். தொட்டில்கார அக்கா வீடு என்று கேட்டுப் பாருங்கள், பஸ் நிறுத்தத்தில் பூக் கட்டுகிற அம்மாள்கூட எழுந்து வந்து வழி காட்டும். தெருவெல்லாம் தறிச் சத்தம் ஓடுகிற ஊரில், இவள் வீட்டில் மட்டும் தையல் மெஷின் சத்தம்.

பழைய சேலைதான் வசந்தாமணியின் பிழைப்பு. பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் போடுகிற வழக்கம் இந்தப் பக்கம் கிடையாது. கட்டிக் கட்டி, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிப்போன நூல் சேலைதான் தொட்டிலுக்கு ஆகும். அதுவும் சொந்தபந்தத்தில் ஒருத்தி கட்டியதாக இருக்க வேண்டும். பெங்களூரிலும் சென்னையிலும் அடுக்குமாடியில் குடியிருக்கிற பெண்களிடம் சேலை இருக்கிறது, தொட்டில் கட்டத் தெரிந்த ஆள்தான் இல்லை. அவர்கள் சேலையை அனுப்புவார்கள். இவள் அதைக் கொக்கியில் மாட்டுகிற மாதிரி மடித்துத் தைத்து, மிச்சத் துணியில் குட்டி மெத்தை ஒன்றும் சட்டை இரண்டும் போட்டுத் திருப்பி அனுப்புவாள். மகள் கிருத்திகா விளையாட்டாக எடுத்துப் போன் வழியாக நாலு பேருக்கு அனுப்பிய படத்தில் ஆரம்பித்த தொழில் இது. இப்போது உட்கார நேரமில்லை.

வருவதும் பார்சலில், போவதும் பார்சலில். வினையே அங்கேதான். பார்சல் வண்டியில் மூட்டை இறக்குகிறவர்கள் கையால் இறக்குகிறார்களா, காலால் உதைத்துத் தள்ளுகிறார்களா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஊறுகாய் ஜாடி உடைந்து எண்ணெய் இறங்கின சேலை வந்திருக்கிறது. எலி கடித்த சேலை வந்திருக்கிறது. இவள் தைத்து அனுப்பிய தொட்டில் போய்ச் சேராமலே, சேர்ந்துவிட்டது என்று போனில் செய்தி மட்டும் போய்ச் சேர்ந்த கூத்தும் உண்டு. பார்சல் ஆபீஸ் வைத்திருக்கிற மருதாசலத்திடம் போய்ச் சண்டைக்கு நின்றால், அவன் தலையைச் சொறிவான்.

"நானென்னங்க்கா பண்றது? வண்டியில வந்தத வந்தாப்புல எறக்கிக் குடுக்கறேன்."

"வந்தாப்புலயா? உன்ற கல்யாணத் துணி இப்பிடி வந்திருந்தா நீ கட்டியிருப்பியாடா?"

திட்டித் தீர்த்துவிட்டு வந்து உட்கார்ந்து அவளே எல்லாவற்றையும் சரி செய்வாள். தான் தைத்தது வழியில் கெட்டுப்போனால் வேறொன்று தைத்து அனுப்பிவிடுவாள். படம் எடுத்து அனுப்பு, நிரூபி என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. அடுத்தவர்கள் சேலை கெட்டு வந்தால் அதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தாள். ஆரம்பத்தில் ஒருமுறை, திருச்சியிலிருந்து வந்த சேலையில் கறையைப் பார்த்ததும் பதறிப்போய் அந்தப் பெண்ணுக்குப் படம் அனுப்பிவிட்டாள். அது அழுது ஆர்ப்பாட்டம் செய்து, தெரிந்தவர் தெரியாதவருக்கெல்லாம் சொல்லி இவள் பெயரை நாறடித்துவிட்டது. கறை என்னவோ அன்றைக்குச் சாயங்காலமே எலுமிச்சம்பழத்துக்குப் போய்விட்டது. போன பெயரை எந்தப் பழத்தைப் போட்டுத் தேய்ப்பது? அன்றைக்குப் பிடித்துக்கொண்டாள். முதலில் சரி பண்ணு, அப்புறம் சொல்லு. அதற்குப் பிறகு அந்தச் சட்டம் அவளைக் கைவிட்டதே இல்லை.

ஐப்பசி மழையில் வந்தது அந்த ஓமலூர்ப் பார்சல்.

அனுப்பியவள் கலைமணி. ஓமலூர்ப் பக்கம் தோட்டத்து வீட்டில் இருக்கிறவள். கல்யாணமாகி ரொம்ப வருசம் பிள்ளை இல்லாமல் கிடந்து, இப்போதுதான் வயிற்றில் தங்கியிருக்கிறது. அனுப்புவதற்கு முன்னால் போனில் பேசினாள்.

"எங்கம்மா சேலைங்க்கா. அம்மா இப்ப இல்லீங்க. எனக்குத் தையில கொழந்த பொறக்கும்னு சொல்லியிருக்காங்க. எந்திரிச்சு நடமாடக் கூடாதுன்னுட்டாங்க, இல்லாட்டி நானே கொண்டாந்து குடுத்திருவேன். முந்தானைய மட்டும் வெட்டிராதீங்க்கா. அது அப்பிடியே இருக்கட்டும்."

"வெட்டமாட்டேன் சாமி. முந்தானைய வெளிய உட்டுத் தெச்சுத் தாரேன்" என்றாள் வசந்தாமணி. முந்தானையை வெட்டாதே என்று பாதிப் பேர் சொல்வார்கள். அதில் அவளுக்குப் புதிதாக ஒன்றும் தோன்றவில்லை.

மருதாசலம் பார்சலைக் கொண்டுவந்து வாசலில் வைத்தபோதே நாற்றம் குடலைப் பிடுங்கியது. நாமக்கல் பக்கம் எங்கேயோ கோழிப்பண்ணைக்குப் போக வேண்டிய மருந்து டின் வண்டியில் கவிழ்ந்து, மழைத் தண்ணீரோடு சேர்ந்து இதன்மேல் இறங்கியிருக்கிறது. பிரித்தால் பச்சை நூல் சேலை, பாதிக்குமேல் காப்பி நிறத்தில் பிசுபிசுவென்று ஒட்டிக் கிடந்தது. வசந்தாமணி அவனைத் திட்டக்கூட இல்லை. அவசர அவசரமாகக் கொல்லைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

பழைய சேலை எது வந்தாலும் முதல் வேலையாக முந்தானை முடிச்சைத்தான் பார்ப்பாள். வயசான பொம்பளைகள் சேலையில் ஏதாவது முடிந்திருக்கும். சில்லறை, பாக்கு, மாத்திரை, ஒருமுறை மூக்குத்தித் திருகுகூட. அதை அவிழ்த்து, உள்ளே இருந்ததைக் காகிதத்தில் மடித்து வைத்துவிட்டுத்தான் துணியை நனைப்பாள். காசை உள்ளே வைத்துத் துவைத்தால் துணியில் துருக்கறை பிடித்துவிடும். இந்தச் சேலையிலும் ஒரு முடிச்சு இருந்தது. கறை நிறத்திலேயே இருந்தது. மல்லுக்கட்டித்தான் அவிழ்த்தாள்.

உள்மடிப்பு மஞ்சளாக இருந்தது. மருந்து இறங்காத இடத்தில் பளிச்சென்று மஞ்சள். நடுவில் ஒரு ஒற்றை ரூபாய்க் காசு.

ஐயோ என்று அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டாள். சாமிக்கு நேர்ந்து மஞ்சள் துணியில் காசு முடிந்தால், நேர்ந்தவர்கள்தான் அவிழ்க்க வேண்டும். வேறு யாரும் அதில் கைவைக்க மாட்டார்கள். பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மஞ்சளைப் பார்த்தால் யார் தொடப்போகிறார்கள் என்றுதான் கலைமணியும் விளக்கிச் சொல்லவில்லை. மஞ்சளாகத் தெரிந்திருந்தால் வசந்தாமணி விரலை நீட்டியிருப்பாளா? கோழி மருந்து அதை மூடிவிட்டது.

போனைக் கையில் எடுத்தாள். கலைமணி பெயர் வரைக்கும் போய், வைத்துவிட்டாள். முதலில் சரி பண்ணு.

சீயக்காய் போட்டாள், பூந்திக்கொட்டை ஊறவைத்துக் கசக்கினாள், வெந்நீரில் அலசினாள். மழை விட்ட நேரமெல்லாம் வெயிலில் காட்டினாள். கறை போனது. கூடவே அந்த மஞ்சளும் போனது. தொட்டில் தைத்து முடித்தபிறகு, முந்தானை நுனியில் மஞ்சள் குழைத்துத் தடவி, அதே காசை வைத்து, அவளே முடிந்தாள். பார்த்துக்கொண்டே நின்ற கிருத்திகாவுக்குப் பொறுக்கவில்லை.

"அம்மா, அந்தக்காகிட்டச் சொல்லிருங்க."

"மாசமா இருக்கற புள்ளகிட்ட என்னத்தச் சொல்றது? அழுது கிழுது ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா யாரு பதில் சொல்றது? அதான் சரி பண்ணிப்போட்டேன்ல."

"சரியாயிருச்சுங்களாம்மா?"

வசந்தாமணி எழுந்து போய் மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.

இந்தத் தொட்டிலைப் பார்சலில் போட அவளுக்கு மனம் வரவில்லை. பையில் வைத்து மடியில் பிடித்துக்கொண்டு சேலத்துக்குப் போய், அங்கிருந்து ஓமலூர் பஸ் ஏறினாள். கொடுத்துவிட்டு ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவது என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள்.

கலைமணி கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நினைத்ததைவிடச் சின்னப் பெண்ணாகத் தெரிந்தாள். "மழையில எதுக்குங்க்கா நீங்களே வந்தீங்க" என்று பதறினாள். தொட்டிலை வாங்கியதும் வேறெதையும் பார்க்கவில்லை. முந்தானையைத் தேடி எடுத்து, முடிச்சை உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். பிடிக்கவில்லை, அழுத்தவில்லை. குருவிக்குஞ்சை வைத்திருப்பதுபோல் வைத்திருந்தாள்.

"எங்கம்மா ஆஸ்பத்திரியில படுத்திருக்கறப்ப கட்டுனதுங்க்கா. எனக்குக் கொழந்த பொறக்கோணும்னு. மஞ்சத் துணிக்கு எங்க போறது? பக்கத்துக் கட்டிலுக்காரம்மாகிட்ட மஞ்சத்தூள் கேட்டு வாங்கி, கட்டியிருந்த சேலையிலயே தடவி முடிஞ்சிருக்குது. நான் சோறு வாங்கப் போயிருந்தேன். வந்து பாத்தா முடிஞ்சு வெச்சிருக்குது. அப்பறம் எங்கம்மா எதையும் செய்யலீங்க. அதுதான் கடேசி."

வசந்தாமணி தண்ணீர்ச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கையில துளி பெலமில்லீங்க்கா அப்ப. டம்ளரக் குடுத்தா பாதி நெஞ்சு மேலதான் ஊத்தும். அந்தக் கையில கட்டுனது எந்நேரம் அவுந்துருமோன்னு நான் தொட்டுக்கூடப் பாத்ததில்ல. எங்கம்மா கை பட்ட மாதிரியே இருக்கட்டும், கொழந்த கையப் புடிச்சு அவுத்து, காசக் குலசாமிக்குப் போட்டுக்கலாம்னு..."

சொல்லிக்கொண்டே முடிச்சைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வசந்தாமணி என்ன கல்லா? சொம்பைக் கீழே வைத்தாள்.

"சாமி, அது உங்கம்மா கட்டுனது இல்ல. நான் கட்டுனது."

எல்லாவற்றையும் சொன்னாள். கோழி மருந்து, கறை, தெரியாமல் அவிழ்த்தது, தெரிந்தும் சொல்லாதது. காசு அதே காசுதான் என்றாள். அந்த இடத்தில் அவளுக்கே கேவலமாக இருந்தது, நிறுத்திக்கொண்டாள்.

கலைமணி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. முடிச்சை இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள். ஒரு இழுப்பில் அவிழ்ந்து, காசு மடியில் விழுந்தது.

"எங்கம்மா கட்டுனது எப்பிடிங்க்கா இருந்துச்சு? லேசா இருந்துச்சுங்களா?"

வசந்தாமணி தன் விரல் நகங்களைப் பார்த்தாள்.

"லேசாவா? நகம் ஏறல சாமி. கோணியூசிய உட்டு நெம்பிப் பாத்தேன், அசையல. கடேசில பல்லக் குடுத்து இழுத்துத்தான் அவுத்தேன்."

"எங்கம்மா கட்டுனதா? அந்தக் கையிலயா?"

அதற்குமேல் கலைமணியால் முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு, வயிறு குலுங்கக் குலுங்க அழுதாள். எனக்குத் தெரியாமப் போச்சே, நான் ஒருக்காகூடப் புடிச்சுப் பாக்காம உட்டுட்டனே என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். வசந்தாமணி பக்கத்தில் போய் உட்கார்ந்து முதுகைத் தடவினாள். அந்தக் கையைக் கலைமணி தள்ளிவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே அந்தக் கையைப் பிடித்து இழுத்து, முந்தானை நுனியையும் காசையும் அதில் வைத்தாள்.

"அது மாதிரிக் கட்டிக் காட்டுங்க்கா. நான் ஒருக்காத் தொட்டுப் பாத்துக்கறேன்."

வசந்தாமணி கட்டினாள். மெஷின் ஓட்டி உரமேறின கை, இரண்டு பக்கமும் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துக் கட்டினாள். கலைமணி நகத்தை வைத்து நெம்பினாள், அவிழ்ந்துவிட்டது. வசந்தாமணி மறுபடியும் கட்டினாள். அதுவும் அவிழ்ந்தது. கை விரலெல்லாம் சிவந்துபோய், மூச்சு வாங்க, திரும்பவும் இழுத்துக் கட்டிக் கொடுத்தாள். இந்தமுறை நகம் ஏறவில்லை. கலைமணி நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்பிடிங்களா?"

"இல்ல சாமி" என்றாள் வசந்தாமணி. "இன்னும் கெட்டி."