ஏழாவது பல்பு

நான்கு மாதத்தில் ஏழு பல்புகளைத் தின்றது என் காரின் முன்விளக்கு. வேறு யாருக்காவது இது வெறும் எரிச்சலாக இருந்திருக்கும். எங்களுக்கு அப்படியில்லை. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் விடிவதற்கு முன்னால் சீவலப்பேரியிலிருந்து கிளம்பி, ஆறு மணிக்குத் திருநெல்வேலியில் என் கணவரை டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார வைத்தாக வேண்டும். பிந்தினால் அந்த இடம் காத்திருக்கும் அடுத்த ஆளுக்குப் போய்விடும். ஒரு முறை தவறினால் உடம்பில் தேங்கிய நீர் அவர் நெஞ்சுக்கு ஏறும். ஏற்கெனவே ஒரு தடவை ஏறியிருக்கிறது. அன்றைக்கு அவர் மூச்சுக்குப் பட்ட பாட்டைப் பார்த்ததிலிருந்து கடிகாரத்தைக் கண்டாலே எனக்குப் பயம்.

பள்ளிக்கூடத்தில் ஓய்வு கொடுத்து அனுப்பிய பிறகுதான் நான் கார் ஓட்டவே கற்றுக்கொண்டேன். அதுவரை ஓட்டியது அவர். கண் மங்கி, கால் வீங்கியதும் சாவியை என்னிடம் தந்தார். சாவியைத் தந்தாரே தவிர பானெட்டைத் தரவில்லை. தண்ணீர், ஆயில், டயர் காற்று, பல்பு எல்லாம் அவர் பொறுப்பு. பல்பு மாட்டக்கூட மெக்கானிக்கிடம் போனால் ஊரே சிரிக்கும் என்பார். எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. அந்த வேலை இருக்கும் அன்று மட்டும் அவர் நோயாளி மாதிரிப் பேசமாட்டார்.

முதலில் பல்பு விற்ற கடைக்காரரைச் சந்தேகப்பட்டேன். முப்பது வருஷம் வகுப்பறையில் கத்திய தொண்டை, கடை வாசலில் நின்றே போலிச் சரக்கு என்று ஏசினேன். அவர் வேறு கம்பெனி பல்பை எடுத்துக் கொடுத்தார். அதுவும் இரண்டு வாரத்தில் போயிற்று. அடுத்து பாளையங்கோட்டையில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காரைக் கொண்டுபோனேன். அண்ணாச்சி அதிகம் பேசாதவர். இன்ஜினை ஓடவிட்டு பேட்டரியில் மீட்டரை வைத்துப் பார்த்தார். சார்ஜ் கூடுதலாக ஏறினால் பல்பு கருகுமாம். ஆனால் சரியான அளவில்தான் ஏறியது. வயரை ஆட்டிப் பார்த்தார், பல்பு உட்காரும் இடம் லூசாக இருக்கிறதா என்று பார்த்தார், விளக்குக்குள் தண்ணீர் இறங்கிய தடம் தேடினார். ஒன்றுமில்லை. கருகின பல்பு எங்கே என்று கேட்டார். என் கணவர்தான் கழற்றிய கையோடு குப்பையில் போட்டுவிடுகிறாரே, நான் எங்கே போவேன். கடைசியில் பழி ரோட்டின் மேல் விழுந்தது. நானும் கொஞ்ச நாள் ரோட்டைத் திட்டினேன்.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. ஞாயிறு, திங்கள் என்று இரண்டு நாள் இடைவெளி விழுவதால் செவ்வாய்தான் எப்போதும் மோசமான நாள். மார்கழி மாதம், ஆறு மணிக்கும் இருட்டு விலகாது. ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இடது விளக்கு போனது. சரி, ஒற்றைக் கண்ணோடு போய்விடலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். வயல்வெளிக்கு நடுவே வலதும் அணைந்தது. டிம், பிரைட் எதுவும் இல்லை. ஒரு பக்கம் வாய்க்கால் ஓடுகிறது என்று தெரியும், எந்த இடத்தில் கரை முடிகிறது என்று தெரியவில்லை. பிரேக்கை மிதித்து நிறுத்தினேன்.

அவர் முன்னால் குனிந்து, இரண்டு உள்ளங்கையையும் டாஷ்போர்டில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். மூச்சில் விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. வீட்டில் இன்னும் ஒரு ஜோடி பல்பு இருக்கிறது, திரும்பினால் மாட்டிவிடலாம் என்றார். திரும்புவதற்கு மட்டும் வெளிச்சம் வேண்டாமா என்று கத்தினேன். மூச்சுக்குத் தவிக்கிற மனுஷனிடம் கத்தியதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. மணி ஐந்தே கால்.

அப்போது பின்னாலிருந்து முதல் டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைக் கடந்தது. அதன் சிவப்பு விளக்கு போய் மறைவதற்குள் கியரைப் போட்டேன்.

"பைய போ," என்றார். உடனேயே, "பஸ்ஸ விட்ராத," என்றார்.

பஸ் நின்ற இடத்தில் எல்லாம் நின்றேன். அது கிளம்பினால் கிளம்பினேன். அது ஒரு மாட்டுக்காக ஒதுங்கியபோது மாட்டைப் பார்க்காமலே நானும் ஒதுங்கினேன். பின் சீட்டில் இருந்தவர்கள் கண்ணாடி வழியே எங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். தெருவிளக்குகள் தெரிந்த பிறகுதான் நான் மூச்சு விட்டேன். நாங்கள் ஆஸ்பத்திரிக்குள் போகும்போது மணி ஆறு தாண்டிவிட்டது. அவருடைய நாற்காலியில் வேறொருவரை உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டு அந்த மனிதரே எழுந்து நின்றார்.

இயந்திரம் ஓடத் தொடங்கியதும், நன்றாக விடியும்வரை இருந்துவிட்டு, அண்ணாச்சி கடை திறக்கும் நேரத்துக்குப் போனேன். இந்த முறை கருகிய பல்புகள் காரிலேயே இருந்தன. அவர் இரண்டையும் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டிலும் கண்ணாடி ஒரே ஒரு இடத்தில் கொப்புளம் போல வீங்கிக் கறுத்திருந்தது.

"டீச்சர், இத மாட்டுனது யாரு?"

"வீட்டுல அவியதான்."

"அவிய கையில எண்ணெப் பிசுக்கு இருக்குமோ?"

இந்த வகைப் பல்பின் கண்ணாடியை வெறும் விரலால் தொடவே கூடாதாம். பிசுக்கு ஒட்டிய இடம் மட்டும் அளவுக்கு மீறிச் சூடாகி, கண்ணாடி அங்கேதான் விட்டுக்கொடுக்குமாம். சிறுநீரகம் கெட்டவர்களுக்குத் தோல் வறண்டு அரிக்கும். தினமும் சாயங்காலம் அவருடைய இரண்டு கைக்கும், விரல் இடுக்கு விடாமல், தேங்காயெண்ணெய் தேய்த்து விடுவது நான். தேய்த்து முடித்ததும் அரிப்பு அடங்கும், எழுந்து காரைப் பார்க்கப் போவார்.

அண்ணாச்சி ஒரு துணியை எடுத்துக்கொண்டு புதுப் பல்பு டப்பாவைப் பிரிக்கப் போனார். வேண்டாம், அவரே மாட்டட்டும் என்றேன். என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு டப்பாக்களை என்னிடமே தந்தார். ஆஸ்பத்திரிக்குத் திரும்பி, நர்ஸிடம் ஒரு ஜோடி கையுறை கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் ஒரு பொய்யைத் தயார் செய்தேன். மட்டமான பல்பு, வோல்டேஜ் கோளாறு, ஏதாவது. ஆனால் என் முகத்துக்குப் பொய் ஒட்டாது. சாயங்காலம் காருக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பல்பைக் கேட்டார். கையுறையையும் சேர்த்துக் கொடுத்து, உள்ளதைச் சொன்னேன்.

கையுறையை மடியில் வைத்துக்கொண்டு தன் விரல்களைப் பார்த்தார். பிறகு, "அப்ப இத்தன நாளா ஒன்னைய இருட்டுல ஓட்ட வச்சது நாந்தானா?" என்றார்.

"எண்ணெ போட்டது நாந்தான்."

அவர் கையுறையை மாட்டிக்கொண்டார். சுண்டுவிரல் உறைக்குள் இரண்டு விரல் போய், கழற்றி மறுபடி மாட்டினார். நான் டார்ச் பிடித்தேன். இரண்டு பல்பையும் பொருத்த அரை மணி நேரம் ஆனது. ஸ்விட்சைப் போட்டதும் காம்பவுண்ட் சுவர் முழுக்க வெளிச்சம் அடித்தது. அவரைத் தூக்கிவிடக் கையை நீட்டினேன்.

"இரு," என்றார். கையுறைகளைக் கழற்றிச் சுருட்டி ஸ்டூலுக்கு அடியில் போட்டார். "அங்கன ஆஸ்பத்திரில என்னையத் தொடுத அத்தன பேரும் இத மாட்டிக்கிட்டுதான் தொடுதாவ."

அப்புறம்தான் கையைக் கொடுத்தார்.