தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டு முடிந்ததும் தாய்மார் என்னிடம் வருவார்கள். முதுகில் கொழுந்துக் கூடை, இடுப்பில் பிள்ளை. "இந்தாங்க டீச்சர், வாங்கிக்கிங்க" என்று பிள்ளையை நீட்டுவார்கள். நானும் வாங்கிக்கொள்வேன். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் என் வேலை அதுதான். தாய் மலையில் கொழுந்து பறித்துவிட்டு வரும்வரை பிள்ளைக்குப் பால் ஆற்றிக் கொடுத்து, தூங்கவைத்து, மூக்குத் துடைத்துவிட்டு, சாயங்காலம் திருப்பிக் கொடுக்க வேண்டும். இப்படி வாங்குவதும் கொடுப்பதுமாகவே என் காலம் போயிருக்கிறது. இந்த வாங்குவது என்கிற சொல்லால் ஒருநாள் என் வீட்டு வாசலில் போலீஸ் வந்து நிற்கும் என்று யாராவது சொல்லியிருந்தால், போடி பைத்தியக்காரி என்று விரட்டியிருப்பேன்.

ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டி நிற்கிற எங்கள் லயம் திம்புள்ளைப் பக்கத்து மலையில் இருக்கிறது. அடுத்த காம்பராவில் இருந்தவள் என்னைவிட இளையவள், என்னை அக்கா என்று கூப்பிடுவாள். அவளுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவது ஒரு பெண் பிறந்தது. அது பிறந்த கையோடு அவள் பிடிவாதம் பிடிக்க ஆரம்பித்துவிட்டாள். "அக்கா, இத நீங்க தவுட்டுக்கு வாங்கிக்கிங்க. என் புள்ளையா இருந்தா இதுவும் தங்காது."

பிள்ளை தங்காத வீடுகளில் எங்கள் சனம் செய்கிற சாஸ்திரம் இது. பெற்றவள் பிள்ளையை முறத்தில் கிடத்தி, இது எனக்கு வேண்டாம் என்று வாசலுக்கு வெளியே வைப்பாள். இன்னொருத்தி ஒரு படி தவிடு கொடுத்து அதை எடுத்துக்கொள்வாள். பிறகு, "இந்தா, எனக்காக இத வளத்துக் குடு" என்று பெற்றவளிடமே கொடுத்துவிடுவாள். பிள்ளையைத் தேடி வருகிற கெட்டது, இது வேறு யார் பிள்ளையோ என்று ஏமாந்து போய்விடுமாம். எனக்குப் பிள்ளை இல்லை. பிள்ளையில்லாதவள் கையிலா கொடுப்பது என்று லயத்தில் முணுமுணுத்தார்கள். அவள் விடவில்லை. "தோட்டத்துப் புள்ளைங்க பூராவும் இவங்க கையிலதான கெடக்குது, போங்கடி" என்று ஒரே போடாகப் போட்டாள்.

என் வீட்டுக்காரர் ஒரு பசு வளர்த்தார். அதற்கு வைத்திருந்த சாக்கிலிருந்து ஒரு படி தவிடு அள்ளிக் கொடுத்துவிட்டு நான் அந்தப் பிள்ளையை வாங்கினேன். அன்றைக்கு அது சிவந்துபோய்க் கத்திக்கொண்டிருந்தது. என் கைக்கு வந்ததும் சட்டென்று வாயை மூடியது. நான் அழுதேன், அதை மறைக்க என்ன இருக்கிறது.

பிள்ளை தங்கியது. லயத்தில் அவளைத் தவுட்டுக்குட்டி என்று கூப்பிட்டார்கள். பேசத் தொடங்கியபோது, சாஸ்திரப்படி என்னை அம்மா என்றாள், பெற்றவளை ஆயி என்றாள். சாப்பாடு எந்த அடுப்பில் வாசம் நன்றாக இருக்கிறதோ அங்கே. தன்னைத் தவிட்டுக்கு வாங்கினார்கள் என்பதில் அவளுக்குத் தாங்க முடியாத பெருமை. "ஒங்களையெல்லாம் சும்மா பெத்தாங்க, என்னையத்தான் வாங்குனாங்க" என்று மற்றப் பிள்ளைகளிடம் பீற்றிக்கொள்வாள்.

அவளுக்கு நாலு வயதாக இருக்கும்போது தகப்பன் நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவர் எழும்பவேயில்லை. பிறகு அவள் மூன்றாம் வகுப்புப் படிக்கையில், தேயிலைக்குள் கூடு கட்டியிருந்த குளவி கலைந்து மலையில் நின்ற பெண்களைக் கொட்டியது. மற்றவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தார்கள். அவள் தாய் மட்டும் திரும்பவில்லை. செத்த வீட்டில் என் மடியில்தான் பிள்ளை கிடந்தாள். கருமாதி முடிந்ததும் அவளுடைய பாயையும் தலகாணியையும் என் காம்பராவுக்கு எடுத்து வந்தேன். அதற்கு யாரையும் கேட்கவேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. என் பிள்ளை என் வீட்டுக்கு வருகிறாள், அவ்வளவுதான்.

ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. தாய் தகப்பன் இல்லாத பிள்ளை என்றால் நன்னடத்தை அதிகாரி வந்து பார்க்க வேண்டும், பிறகு நீதிமன்றம் தத்துக் கொடுக்க வேண்டும். அதையும் முறையாகச் செய்துவிடலாம் என்றுதான் நாங்களே மனுப் போட்டோம். பார்க்க வந்த மிஸ் சின்ன வயதுக்காரி, சிங்களப் பிள்ளை. நல்ல மாதிரி. தமிழ் கொஞ்சம் தெரியும், தட்டித் தடவிப் பேசுவாள். நான் கொடுத்த தேத்தண்ணியை வாங்கிக் குடித்தாள். சுவரைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள். இந்தக் காம்பரா உங்கள் பெயரில் இருக்கிறதா என்று கேட்டாள். தோட்டத்துப் பெயரில் இருக்கிறது என்றேன். சொந்த வீடு இல்லை என்று எழுதிக்கொண்டாள். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் மலையில் லயத்துக் காம்பரா யாருக்கு ஐயா சொந்தம்? அதைப் பார்த்தால் இங்கே பெற்றவள்கூடப் பிள்ளை வளர்க்க முடியாது. மிஸ்ஸுக்கு இன்னொரு கோப்பைத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

பிறகு மிஸ் பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிட்டு, இவங்க உனக்கு யார் என்று கேட்டாள். தமிழில்தான் கேட்டாள். எங்கள் வாயாடிக்குச் சிங்களம் தெரியும் என்று காட்ட வேண்டுமே! பள்ளிக்கூடத்திலும், மாட்டுத் தீனி வாங்க என் வீட்டுக்காரரோடு போகிற சந்திக் கடையிலும் பொறுக்கிய சிங்களம். அந்தக் கடையில் சிங்கள ஆட்கள் வந்து தவிட்டை 'ஹால் குடு' என்று கேட்பதை அவள் கவனித்திருக்கிறாள். நிமிர்ந்து நின்று, பாட்டுப் போட்டியில் பாடுகிறவள் போலச் சொன்னாள்:

"மே அம்மா மாவ குடு தீலா கத்தா."

இந்த அம்மா குடு கொடுத்து என்னை வாங்கினாங்க. ஹால் என்றால் அரிசி; அதை முன்னால் சேர்க்காமல் வெறும் குடு என்றால் இந்த நாட்டில் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். தூள். ஹெரோயின்.

மிஸ்ஸின் கையில் தேத்தண்ணிக் கோப்பை அப்படியே நின்றது. நான் பதறிப்போய் எழுந்தேன். "ஐயோ மிஸ், அது மாட்டுத் தவுடு! மாடு திங்கிறது!" சாக்கை இழுத்துக்கொண்டு வந்து அவள் காலடியில் கொட்டியே விட்டேன். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் போகவில்லை. குடு என்ன என்று புரிந்துவிட்டது. ஆனால் மற்றது?

"அப்ப வாங்கினது உண்மையா?" என்று கேட்டாள்.

"வாங்கினது உண்மைதான் மிஸ். ஆனா நெசமா வாங்கல. ஒரு சாஸ்திரத்துக்கு."

"ஏதோ ஒன்னு கொடுத்தீங்க. அம்மா புள்ளைய கொடுத்தாங்க."

"குடுத்தா. ஒடனே திருப்பிக் குடுத்துட்டேனே!"

தத்துக்கு வருகிற பிள்ளைக்காக யாரும் எதையும் கொடுத்து வாங்கியிருக்கக் கூடாது, அது பெரிய குற்றம் என்று அவள் மெதுவாக விளக்கினாள். காதில் விழுந்ததை எழுதாமல் விட்டால் தன் வேலை போய்விடும் என்றாள். சின்னப் பிள்ளைகளை விற்கிறவர்கள் இருக்கிற நாடு இது, அவள் பயந்ததில் தப்பில்லை என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அன்று அவளைக் கண்டபடி ஏசினேன்.

போலீஸ் வந்தது. எங்கள் ஒற்றைக் காம்பராவைக் கிளறியது. ஒருத்தர் தவிட்டை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். என் வீட்டுக்காரர் கைகட்டிக்கொண்டு நின்றபடி, "பசுவத்தான் சார் புடிச்சு உள்ள போடணும். அதுதான் தெனமும் குடு திங்குது" என்றார். அந்தப் போலீஸ்காரரே சிரித்துவிட்டார். லயம் முழுக்கச் சிரித்தது. விசாரணை முடியும்வரை பிள்ளை எங்களிடம் இருக்கக்கூடாது என்று சொன்னபோதுதான் சிரிப்பு நின்றது.

அவளைச் சிறுவர் இல்லம் ஒன்றுக்குக் கொண்டுபோனார்கள். வான் கதவைப் பிடித்துக்கொண்டு, "நான் என்ன தப்பா சொன்னேன்? அம்மா, நான் என்ன தப்பா சொன்னேன்?" என்று கேட்டாள். நீ ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை கண்ணு என்று கத்தினேன். வான் சத்தத்தில் கேட்டதோ இல்லையோ.

பார்க்கப் போவதென்றால் வட்டகொடையில் ரயில் ஏறிக் கீழே போய், அங்கிருந்து பஸ். முதல்முறை போனபோது மேட்ரன், நீங்க பிள்ளைக்கு என்ன உறவு என்று கேட்டார். அம்மா என்றேன். பிறப்புச் சான்றிதழில் அம்மா இறந்துவிட்டார் என்று இருக்கிறதே என்றார். சின்னம்மாவா, அத்தையா, மாமியா? ஒன்றும் இல்லை. கடைசியில் அயல்வீட்டார் என்று போட்டுக்கொண்டு உள்ளே விட்டார்கள். அவளுக்கு இரத்த உறவு என்று கொழும்பில் ஒரு தாய்மாமன் இருந்தார். அவர் வந்து கேட்டிருந்தால் கையோடு அனுப்பியிருப்பார்கள். அவரோ செத்த வீட்டுக்குக்கூட எட்டிப் பார்க்காதவர். இதுதான் உறவு என்றால் அந்த உறவு எனக்கு வேண்டாம், வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன்.

நாளாக நாளாகப் பிள்ளை மாறிக்கொண்டு வந்தாள். முதலில் என்னைக் கண்டதும் ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொள்வாள். பிறகு நடந்து வந்தாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து என் சேலை முந்தானையைத் திருகிக்கொண்டிருப்பாள், மேட்ரன் அந்தப் பக்கம் வந்தால் விட்டுவிடுவாள். சாப்பிட்டியா என்றால் ம். படிக்கிறியா என்றால் ம். அந்த வாய் எங்கே போயிற்று? ஒருநாள் என்னை டீச்சர் என்று கூப்பிட்டாள். திரும்பி வரும்போது ரயிலில் என் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லி அழுதேன். "கோவமா இருப்பா. விட்டுட்டுப் போயிட்டோம்னு நெனைப்பா. வீட்டுக்கு வந்தா சரியாயிரும்" என்றார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

விசாரணை நத்தை மாதிரி நகர்ந்தது. ஒரு அதிகாரி மாற்றலாகிப் போவார், புதிதாக வந்தவருக்குத் தவிட்டை முதலிலிருந்து விளக்க வேண்டும். கோயில் ஐயர் வந்து சொன்னார், தோட்டத்துக் கங்காணி வந்து சொன்னார், தன் பிள்ளையையும் தவிட்டுக்குக் கொடுத்த ஒரு தாய் வந்து சொன்னாள். கடைசியில் எங்கள்மேல் குற்றம் ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அதற்குள் அவளுக்குப் பத்து வயது தாண்டிவிட்டது.

அதுவும் நல்லதுதான் என்றார் எங்கள் வக்கீல். "பத்து வயசுக்கு மேல பிள்ளையோட சம்மதம் இல்லாம தத்துக் கொடுக்க ஏலாது. அது பிள்ளையோட உரிமை. அவ வாயால, இவங்ககூடப் போறேன்னு சொன்னாப் போதும்." எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இவ்வளவு காலமும் அவளைத் தவிர எல்லாரிடமும் கேட்டார்கள். இப்போதாவது அவளைக் கேட்கப் போகிறார்களே! அன்று விடியுமுன்பே அவளுக்குப் பிடித்த தேங்காய் ரொட்டி சுட்டுக் கட்டிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் அவளுடைய கட்டிலுக்குப் புது மெத்தை விரித்துவிட்டு வந்தார்.

நீதவான் நல்ல மனிதர். பிள்ளை பயப்படக்கூடாது என்று குரலைத் தணித்துக்கொண்டார். அவர் சிங்களத்தில் கேட்பதை நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

"இவங்க உனக்கு யாரு, மகள்?"

பிள்ளை என்னைப் பார்க்கவில்லை. "டீச்சர்" என்றாள்.

"டீச்சர் மட்டுந்தானா?"

"ஆமா."

"இவங்ககூடப் போய் இவங்க வீட்டுல இருக்க உனக்கு விருப்பமா?"

"விருப்பமில்ல."

நீதவான் இன்னொரு தரம் கேட்கச் சொன்னார். அவள் இன்னும் சத்தமாகச் சொன்னாள், ஒப்புவிக்கிற குரலில். "விருப்பமில்ல. எனக்கு இவங்க யாரும் இல்ல."

வக்கீல் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எழுந்து என்னவோ சொல்ல வாயெடுத்தேன். உட்காரச் சொன்னார்கள். பிள்ளையே மறுத்த பிறகு பேச என்ன இருக்கிறது? மனுவைத் தள்ளிவிட்டு அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

வெளியே தாழ்வாரத்தில் ரொட்டிப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் என்ன குறை வைத்தேன் என்று அவளைக் கேட்கவேண்டும் போல இருந்தது, கேட்கவும் பயமாக இருந்தது. மேட்ரன் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். என்னைக் கண்டதும் பிள்ளை அவர் கையை உதறிவிட்டு ஓடி வந்து, என் கழுத்தைப் பிடித்து இழுத்துக் குனியவைத்தாள். காதோடு வாயை வைத்துச் சொன்னாள்.

"அம்மா, பயப்படாதீங்க. புள்ளைய வாங்குனவங்கள ஜெயில்ல போட்டுருவாங்கன்னு அங்க அக்காங்க சொன்னாங்க. நான் இந்தத் தடவ எதையுமே சொல்லல. இனி ஒங்கள யாரும் புடிக்க மாட்டாங்க."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். இல்லத்துக்குப் போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.